அமரர் என்ற சொல்லும் அணையாத விளக்கும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், சுங்கைப்பட்டாணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘அறமும் அழியாப் புகழும்’ என்பது. செயலாளர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் ஒரு மணிக்கு அன்னதானம்” என்றார். தமிழாசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவனுக்கு மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்கத் தெரியும். ஆகவே அஞ்ச வேண்டாம்.

தலைப்பை எங்கே தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு மாணவன் எனக்கு வழி காட்டிவிட்டான். பிரசாதம் வைப்பதற்காகத் தரையில் விரித்திருந்த பழைய நாளிதழை அவன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அது நினைவஞ்சலிப் பக்கம். “சார், அமரர் என்றால் என்ன?” என்று கேட்டான். “சாகாதவர்” என்றேன். “இம்மார்ட்டலா சார்?” என்றான். “ஆமாம், இம்மார்ட்டல்தான்” என்றேன். உடனே அவன், “அப்படியென்றால் ஏன் சார் இவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள்?” என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிரோடு இருக்கும்வரை யாரையும் நாம் அமரர் என்று சொல்வதில்லை. சொன்னால் அடிக்க வருவார்கள். இறந்த மறுநாள் முதல் அவர் அமரர். சாகாதவர் என்ற பட்டத்தைப் பெறச் சாக வேண்டியிருக்கிறது! இது என்ன கணக்கு? அந்தப் பையனின் கேள்விக்கு நான் தேடிய விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மூன்று சொற்கள்

அவன் சொன்ன ஆங்கிலச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். இம்மார்ட்டல் என்பது லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் ‘மோர்ஸ்’ என்றால் சாவு. ‘மோர்த்தாலிஸ்’ என்றால் சாவுக்கு உட்பட்டவர். அதன் முன்னே இல்லை என்று பொருள்படும் ‘இன்’ சேர்ந்து ‘இம்மோர்த்தாலிஸ்’ ஆயிற்று. சாவு இல்லாதவர்.

இப்போது நம் பக்கம் பாருங்கள். வடமொழியில் ‘ம்ரு’ என்ற வேருக்குச் சாதல் என்பது பொருள். அதிலிருந்து மரணம், மிருத்யு. அதன் முன்னே இல்லை என்று பொருள்படும் ‘அ’ சேர்ந்து அமரர், அமிர்தம். மார்ட்டல் என்பதும் மரணம் என்பதும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல் அன்று. இரண்டும் ஒரே மூல வேரிலிருந்து பிரிந்து, ஒன்று மேற்கேயும் ஒன்று கிழக்கேயும் போன சகோதரச் சொற்கள் என்று மொழிநூலார் நிறுவியிருக்கிறார்கள். கிரேக்கர்கள் தங்கள் தேவர்கள் உண்ணும் உணவுக்கு ‘அம்புரோசியா’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் நம் அமிர்தத்தின் உடன்பிறப்புதான். ஆங்கிலத்தில் கொலைக்குச் சொல்லும் ‘மர்டர்’ என்ற சொல்லும் இதே குடும்பம். நம்மில் பலர் மாதந்தோறும் வீட்டுக்காக வங்கியில் கட்டுகிறோமே, ‘மார்ட்கேஜ்’, அதுவும் இதே குடும்பந்தான். பழைய பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொருள் ‘செத்த ஈடு’. கடனை அடைத்துவிட்டால் ஈடு செத்தது. அடைக்கத் தவறினால் நிலம் நமக்குச் செத்தது என்று அந்தக் காலத்துச் சட்ட அறிஞர்கள் விளக்கம் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கட்டி முடித்தவர்களுக்கு இந்த விளக்கம் நன்றாகவே புரியும்.

திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். அங்கே சுவாமியின் திருநாமம் அமிர்தகடேஸ்வரர். அமிர்தக் குடத்தின் ஈசர். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம். அந்தத் திருநாமத்துக்குள்ளும் இதே வேர் இருக்கிறது. ஆக, சாவை வெல்ல வேண்டும் என்ற ஏக்கம் நமக்கு மட்டும் உரியது அன்று. மனிதன் பேசத் தொடங்கிய காலத்திலிருந்தே அது அவனுடைய சொற்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் என்றும் இருப்பதைக் குறிக்க இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘இட்டர்னல்’. அது லத்தீனில் காலம், வாழ்நாள் என்று பொருள்படும் ‘ஏவும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு உறவான வடமொழிச் சொல் ‘ஆயுஸ்’. நம் வாயில் அது ஆயுள். தீர்க்காயுள் என்று வாழ்த்துகிறோமே, அந்த ஆயுள்.

மற்றொன்று ‘பெர்ப்பெச்சுவல்’. இதில் சாவும் இல்லை, ஆயுளும் இல்லை. ‘பெர்’ என்றால் ஊடே, முழுவதும். ‘பெத்தேரே’ என்றால் நாடிச் செல்லுதல். நடுவில் அறுந்துபோகாமல் சென்றுகொண்டே இருப்பது என்பது கருத்து. இந்த மூன்றாவது சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளைக்கு வேண்டிய சொல் அதுதான். சாகாத மனிதனை உலகம் கண்டதில்லை. அறுபடாத தொடர்ச்சியைக் கண்டிருக்கிறது.

சாவா மூவாப் பேராடு

அந்தத் தொடர்ச்சியை நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அழகான தொடரால் சொல்லிவிட்டார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வரும். சாகாத, மூப்பு அடையாத ஆடுகள்! உலகத்தில் அப்படி ஓர் ஆடு உண்டா?

கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். அவர் கோயிலுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது கணக்கு. பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

ஆடு கிழடாகும், சாகும். ஆனால் அதற்குள் குட்டி போட்டிருக்கும். செத்த ஆட்டின் இடத்தில் குட்டி வந்து நிற்கும். ஒவ்வோர் ஆடும் சாகிறது. ஆனால் 96 சாவதில்லை. மந்தைக்கு மூப்பு இல்லை. இதுதான் சாவா மூவாப் பேராடு. இடையரும் இறந்துபோகக் கூடியவர்தானே என்று அவர்கள் எண்ணாமல் இல்லை. அதனால் சில கல்வெட்டுகளில் ஓர் இடையருக்கு மற்ற இடையர்கள் பிணை நிற்கிறார்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதற்குப் பின் இந்த அறத்தை அடியார்கள் காக்க வேண்டும் என்று எழுதினார்கள். சந்திர சூரியரைச் சாட்சிக்கு வைத்தார்கள்; காவலுக்கு மனிதர்களை வைத்தார்கள். எவ்வளவு தெளிவு பாருங்கள்.

கடாரத்தின் பெயரால் ஓர் அறம்

இது தஞ்சாவூர்க் கதை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நாம் நிற்கும் இந்த மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலாம் இராசராசன் காலத்தில், கிடாரத்து அரசனாகிய ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். கிடாரம், கடாரம் என்று தமிழில் வழங்கியது இந்தக் கெடாவே என்பது அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கருத்து. கட்டியவன் கடல் கடந்த நாட்டான், சமயம் பௌத்தம். ஆனாலும் சிவபக்தனாகிய இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்ற ஊரை அந்த விகாரத்துக்குக் கொடுத்தான். இராசராசன் மறைந்த பிறகு, தந்தை கொடுத்த வாக்கு நிலைக்க வேண்டும் என்று மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் எழுதுவித்தான். 21 ஏடுகள். பிற்காலத்தில் அவை நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டதால் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. அதே இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். ‘கடாரம் கொண்டான்’ என்ற பெயரை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இரு நாடுகளுக்கும் இடையே போரே நடந்துவிட்டது. அந்த அறம் என்ன ஆயிற்று? 1090ஆம் ஆண்டில் கிடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து வேண்ட, அவன் விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிச் சலுகை அளித்துப் புதிய செப்பேடு கொடுத்தான். போருக்குப் பிறகும் 65 ஆண்டுகள் கழித்து அறம் உயிரோடு இருந்திருக்கிறது! ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வந்து, “இது எங்கள் முன்னோர் வைத்த தருமம், இதைக் காத்துத் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இருந்தது.

கேட்க ஆள் இல்லாமல் போனபோது அதுவும் போயிற்று. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. இங்கே நம் பூஜாங் பள்ளத்தாக்கிலும் அதே பாடந்தான். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்லடித்தளத்தைப் பாருங்கள். தூண் நின்ற இடம் தெரிகிறது. பொன்னும் மணியும் வைத்துப் புதைத்த கல் பேழைகள் கிடைத்தன. ஆனால் அங்கே விளக்கேற்றியவர் யார், எந்தத் திருநாமத்தைச் சொல்லி ஏற்றினார் என்று சொல்ல ஆள் இல்லை. 2013ஆம் ஆண்டில் அந்தப் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் கோயிலின் எச்சம், தனியார் நிலத்தில் இருந்தது, மேம்பாட்டுக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது. நாடே பேசிற்று. கல் நிலைக்கும் என்று நம்புகிறோம். கல்லைக் காப்பதும் மனிதர்தான்.

அப்பாயியின் ஆடுகள்

பெரியோர்களே, இதுவரை அரசர்களின் கதையைச் சொன்னேன். இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்தேன். அப்பா பால்மரம் வெட்டினார். என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலில் வந்தவர். படிக்காதவர். சோழன் பெயரையோ கல்வெட்டையோ கேள்விப்பட்டிருக்க மாட்டார். லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டாய் போட்டு ஏழெட்டு வெள்ளாடு வளர்த்தார். அதில் இரண்டு பெட்டை ஆடு மட்டும் மாரியம்மனுடையது என்று சொல்வார். அவற்றின் குட்டியை விற்ற காசில் வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுப்பார். கிழ ஆடு செத்தால் அதன் பெட்டைக் குட்டி ஒன்றைப் பிடித்து, மஞ்சள் துணி கட்டி, “இனிமே இதுதான் ஆத்தா ஆடு” என்பார். மழை பெய்து மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்த மாதங்களிலும் அந்த ஆட்டுக் காசை வீட்டுச் செலவுக்குத் தொட மாட்டார். “இது நம்ம காசு இல்லடா” என்று ஒரே சொல்.

1969ஆம் ஆண்டில் அப்பாயி இறந்துபோனார். மறு ஆண்டு எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. காற்சட்டை, சப்பாத்து, பெட்டி, முன்பணம் என்று ஒரு தொகை வேண்டியிருந்தது. அப்பாவிடம் இல்லை. ஒரு நாள் காலையில் வியாபாரி வந்து கொட்டாயில் இருந்த எல்லா ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார். கடைசியாகப் போன ஆட்டின் கழுத்தில் மஞ்சள் துணி இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “அது ஆத்தா ஆடுப்பா” என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. எனக்குப் பெட்டி வேண்டியிருந்தது.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மகன் படிக்க வேண்டும் என்று செய்தார். சம்பளம் வந்ததும் திரும்ப இரண்டு ஆடு வாங்கி விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சம்பளம் வந்தது. கல்யாணம் வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஆடு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெறும் வயதில், சாவா மூவாப் பேராடு என்ற தொடரை ஒரு நூலில் முதல் முறையாகப் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சாகாத ஆட்டைச் சாகடித்தவன் நான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இறந்துபோகக் கூடிய நல்லவர்

அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் தோட்டம் கைமாறியது. கோயிலைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று தவணை கொடுத்தார்கள். கோயிலுக்குப் பணம் இருந்தது. திருவிழா வசூலில் மிஞ்சியதை ஆண்டுதோறும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் சேமிப்புப் புத்தகம் பொருளாளர் ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தது. அவர் ஒரு காசுகூடத் தொடாத உத்தமர். தவணைக்கு மூன்று மாதம் இருக்கையில் மாரடைப்பில் காலமானார்.

பணம் முடங்கிப்போயிற்று. வாரிசுகளும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். கடிதம், கையெழுத்து, அலுவலகம் என்று அலைந்து பணம் கைக்கு வந்தபோது தவணை முடிந்துவிட்டது. அம்மனை லாரியில் ஏற்றிப் பட்டணத்துக் கோயில் ஒன்றின் பிராகாரத்தில் கொண்டுவந்து வைத்தோம். யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு நல்லவர் இறந்துபோனார், அவ்வளவுதான். மார்ட்டல் என்ற சொல்லின் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிகழ்ச்சி.

சட்டம் சொல்லும் சாகாவரம்

இதற்காகத்தான் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் முறையாகப் பதிவு பெறும்போது அதற்கு ‘பெர்ப்பெச்சுவல் சக்செஷன்’ உண்டு என்று எழுதுவார்கள். இடையறாத வழித்தொடர்ச்சி என்று நாம் சொல்லலாம். உறுப்பினர் இறக்கலாம், விலகலாம், நிறுவனம் இறப்பதில்லை. சொத்து அதன் பெயரில் இருக்கும். சாவா மூவாப் பேராட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதுதான் என்று நான் சொன்னால் வழக்கறிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறங்காவலர் குழுக்கள் இப்படி ஒரே சட்ட உருவமாகப் பதிவு பெற இந்த நாட்டில் 1952ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்தச் சாகாத உடைமையாளரைக் கண்டு அரசர்கள் அஞ்சினார்கள். மடங்களின் கைக்குப் போன நிலம் திரும்ப வருவதே இல்லை. அதற்கு ‘மார்ட்மெயின்’ என்று பெயரிட்டார்கள். பொருள், ‘செத்த கை’. 1279ஆம் ஆண்டிலும் 1290ஆம் ஆண்டிலும் முதலாம் எட்வர்டு மன்னர் அதைத் தடுக்கச் சட்டம் போட்டார். தனி மனிதர்களும் தங்கள் சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போட முடியாதபடி ஆங்கிலச் சட்டம் ஒரு விதி செய்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆயுளும் அதன்மேல் 21 ஆண்டும்தான் எல்லை. அதற்கு அப்பால் இறந்தவர் கை நீளக் கூடாது.

ஆனால் பொது அறத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். 1875ஆம் ஆண்டில் நம் பக்கத்துப் பினாங்கிலிருந்து ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஒரு சீனப் பெண்மணி தமக்கும் தம் கணவருக்கும் என்றென்றும் சடங்கு செய்ய ஒரு வீட்டை உயிலில் ஒதுக்கியிருந்தார். அது குடும்பத்துக்கு மட்டும் பயன்படுவது, பொது அறம் அன்று; ஆகவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்த அம்மையாரின் பக்தியை நாம் குறைத்துப் பேசக் கூடாது. நாமும் முன்னோருக்குத் திதி கொடுப்பவர்கள்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எனக்காக என்று வைத்தது என் வழியோடு முடியும். ஊருக்காக என்று வைத்ததற்குத்தான் முடிவில்லை.

நம் கெடாவிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லி, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் 1961ஆம் ஆண்டில் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். ஒரு தொழிலாளியின் பத்து வெள்ளி ஒரு மரம்கூட வாங்காது. பல்லாயிரம் பேரின் பத்து வெள்ளி தோட்டம் வாங்கியது. அவர்களில் பலர் இன்று நாளிதழில் அமரர்கள். துன் அவர்களும் அமரர். அவர்கள் சேர்ந்து வைத்த பெயர் இருக்கிறது.

அமுது

கடைசியாக அமிர்தத்துக்கு வருகிறேன். அன்னதானத்துக்கு நேரமாகிறது, பொருத்தமாகவும் இருக்கும்.

தேவர்கள் பாற்கடலைக் கடைந்து அமிர்தம் எடுத்தார்கள். அசுரர்களுக்குக் கிடைக்காமல் தாங்களே உண்டார்கள். தமிழர்கள் அந்தச் சொல்லை வாங்கி என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுக்குப் பெயராக வைத்தார்கள். கோயிலில் சுவாமிக்குப் படைப்பது திருவமுது. கறி என்றால் கறியமுது. அடியார்க்குச் சோறு போட்டால் அமுது செய்வித்தல். சாவா மருந்தை அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்று ஒரு சங்கப் புலவர். பெயரே சொல்கிறது, கடலில் மறைந்துபோனவர். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனியது என்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்ற கருத்தைப் புறநானூற்றில் பாடியவர் அவர்தாம். வள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்தில் இதையேதான் வலியுறுத்துகிறார்: விருந்தினரை வெளியே வைத்துவிட்டுச் சாவா மருந்தைக்கூடத் தனியே உண்ணாதே.

நாகப்பட்டினத்தில் கோபுரம் இடிந்தது 1867ஆம் ஆண்டு என்று சொன்னேன். அதே 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் வள்ளலார் பெருமான் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றிப் பேசியவர், ஏழைகளின் பசிக்குத்தான் முதலில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பை அணையா அடுப்பு என்கிறோம். ஒரே விறகா எரிகிறது? ஒரே கையா கிளறுகிறது? நாள்தோறும் ஒருவர் வந்து விறகு வைக்கிறார். அவ்வளவுதான் அதன் இரகசியம்.

அந்த மாணவனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொன்னேன். “தம்பி, அமரர் என்று போடுவது அவர் சாகவில்லை என்று சொல்வதற்காக இல்லை. அவர் செய்துகொண்டிருந்த நல்லதை நாங்கள் நிறுத்த மாட்டோம் என்று வீட்டார் கொடுக்கும் வாக்கு அது. வாக்கைக் காப்பாற்றினால் அவர் அமரர். இல்லாவிட்டால் அது வெறும் அச்செழுத்து.” அவன் யோசித்துவிட்டு, “அப்போ சார், உங்க பாட்டி?” என்றான். அப்பாயியின் கதையை வகுப்பில் ஒரு முறை சொன்னதுண்டு; மஞ்சள் துணி வரைக்கும்தான். விற்றதைச் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன்.

இன்று நம் அறக்கட்டளையின் விளக்குக் கட்டளையில் அப்பாயி பெயரில் ஒரு தொகை இருக்கிறது. பெரிய தொகை அன்று. இன்றைய விலையில் இரண்டு ஆடு வாங்கும் காசோடு, இத்தனை ஆண்டு எரியாத எண்ணெய்க்கு என்னால் இயன்றது. பட்டணத்துக் கோயில் பிராகாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் அதிலிருந்து விளக்கு எரிகிறது. தாமதமாக வந்த விளக்கு. அம்மன் பொறுத்தருள வேண்டும்.

நன்கொடையாளப் பெருமக்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். கொடுப்பதை நிறுவனத்தின் பெயரில் கொடுங்கள். எவ்வளவு நல்லவரானாலும் தனி மனிதர் பெயரில் வேண்டாம். உங்கள் தோட்டத்துக் கோயிலின் கணக்கும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த மாதமே விசாரியுங்கள். அடுத்த ஆண்டு இந்த விழாவுக்கு வரும்போது உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அறங்காவலர் மேசையில் வெள்ளை முடி மட்டும் தெரிந்தால், மந்தையில் குட்டி இல்லை என்று பொருள்.

நம்மில் யாரும் இம்மார்ட்டல் இல்லை. ஆனால் நாம் ஏற்றும் விளக்கு பெர்ப்பெச்சுவலாக இருக்க முடியும். அதற்கு நமக்குப் பின்னால் ஒரு கை வேண்டும். அந்தக் கையை இன்றே பழக்குவோம்.

எல்லாம் வல்ல பரம்பொருள் உங்கள் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளுக்குப் பிறகும் எரியும் ஒரு விளக்கையும் அருள வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வாருங்கள், அமுது உண்போம்.